மறு: ‘வீழ்ந்த பாலடின்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையில் ஆடும் கதை விளையாட்டு. அதில் தெய்வ அருளால் கை வைத்துக் காயம் ஆற்றுகிற, அழைத்தால் வரும் குதிரையுள்ள புனித வீரர்தான் பாலடின். நெறி தவறி அந்த வரங்களை இழந்த பாலடினுக்குத்தான் இங்கே தமிழ்ப்பெயர் தேடுகிறோம்.

> ‘வீழ்ந்த புனித வீரர்’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். தமிழில் வீரர் வீழ்ந்தார் என்றால் களத்தில் செத்தார் என்று பொருள். அவருக்கு நடுகல்தான் நட வேண்டும். நம் ஆளோ சாகவில்லை. குதிரையை இழந்து, கை வைத்தாலும் காயம் ஆறாத நிலையில், அடுத்த ஊருக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

> அறமறவர்

காதுக்கு இனிமையாக இருக்கிறது. அறத்தையும் மறத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறதே என்று நானும் கொஞ்சம் மயங்கினேன். ஆனால் மறவர் இன்றைக்கு ஒரு சாதிப் பெயர். ‘நெறிகெட்ட மறவர்’ என்று விளையாட்டுக் கையேட்டில் அச்சடித்துவிட்டு யாருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது?

> வழுவறவீரர்

தம்பி, நீங்கள் ‘வழு + அறவீரர்’ என்று சேர்த்தீர்கள். நான் ‘வழுவற + வீரர்’ என்று படித்தேன். குற்றமே இல்லாத வீரர்! நேர் எதிர்ப்பொருள். ‘பதிதர்’ என்று இன்னொருவர் சொன்னதும் சரிப்படாது. கத்தோலிக்கத் தமிழில் அது கொள்கையை மறுத்தவரைக் குறிக்கும். நம்மவர் கொள்கையை மறுக்கவில்லை, அதன்படி நடக்கவில்லை. அவ்வளவுதான்.

சொல் தேடும் முன் விதிகளைப் பார்ப்போம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது. பாலடின் அடுத்த ஆண்டு ‘கிரேஹாக்’ துணைநூலில் நுழைந்தார். 1978 கையேட்டில் அவருக்கான விதி இப்படி இருந்தது. ஒழுங்கைக் குலைக்கும் செயலைத் தெரிந்தே செய்தால், ஏழாம் நிலைக்குக் குறையாத பூசகரிடம் ஒப்புக்கொண்டு அவர் விதிப்பதைச் செய்து மீளலாம். தீய செயலைத் தெரிந்தும் விரும்பியும் செய்தால் பாலடின் என்ற தகுதியே போய்விடும், மீளவே முடியாது. அதன்பின் வெறும் போர்வீரர்தான்.

இதைப் படித்ததும் எனக்குப் புறநானூற்றின் 34-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ‘வழுவாய் மருங்கில் கழுவாயும் உள’ என்கிறார் ஆலத்தூர் கிழார். பெரும்பாவங்களுக்குக்கூடக் கழுவாய் உண்டாம். செய்ந்நன்றி கொன்றவனுக்கு மட்டும் உய்தி இல்லையாம். மீளக்கூடிய பிழை, மீளமுடியாத பிழை என்று 1978 விதி பிரிப்பதும் இப்படித்தான். ஆகவே என் பரிந்துரை: மீள வழியுள்ளவர் ‘வழுவிய வீரர்’. மீட்சிக்கான செயல் ‘கழுவாய்’. பிராயச்சித்தம் என்று நீட்டி முழக்க வேண்டாம்.

2008 பதிப்பில் வரங்கள் பறிபோவதே இல்லை, அங்கே நமக்கு வேலையுமில்லை. 2014 பதிப்பில் ‘நல்லவராக இருக்க வேண்டும்’ என்ற கட்டாயம் போய், அவரவர் எடுத்த உறுதிமொழி முக்கியமாயிற்று. அதை உடைத்துத் தீமையின் பக்கம் சாய்ந்தவருக்கு ஆட்டம் நடத்துபவரின் கையேட்டில் தனி வகையே இருக்கிறது. இவரும் வழுவியவரும் ஒருவரல்லர், ஒரே சொல்லால் இருவரையும் குறிக்கக் கூடாது. இங்கே ‘வஞ்சினம்’ பொருந்தும். ‘இன்னது பிழைப்பின் இதுவாகியர்’ என்று தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் சொல்கிறது. தவறினால் என்ன தண்டனை என்பது உறுதிமொழிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எனவே ‘வஞ்சின வீரர்’, ‘வஞ்சினம் பொய்த்தவர்’.

முதலிலிருந்தே தீயவராக வரும் எதிர்ப் பாலடின் 1980-இல் இந்த விளையாட்டுக்கான டிராகன் இதழில் வந்தார். அவருக்கு ‘மறுதலை வீரர்’ போதும்.

—

ஐயா, வணக்கம்.

உங்கள் சொற்களை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் குழுவில் ஒரு தங்கை பாலடின் ஆடுகிறாள். உயிர்ப்பிச்சை தருவதாகச் சொல்லிச் சரணடைய வைத்த கொள்ளையனை முந்தைய வாரம் வெட்டிவிட்டாள். நான் பொறி எதுவும் வைக்கவில்லை. இப்படிச் செய்தாலும் குற்றம், அப்படிச் செய்தாலும் குற்றம் என்று மடக்கி ஆளைத் தள்ளிவிடும் டிஎம்களை, அதாவது ஆட்டம் நடத்துபவர்களை, கண்டால் எனக்கே எரிச்சல். கத்தியை ஓங்கியபோதும் ‘நிஜமாகவா?’ என்று கேட்டேன். ‘ஆமாம்’ என்றாள்.

இந்த வாரம் கூட்டாளி ஒருவன் குற்றுயிராகக் கிடந்தான். அவள் கை வைத்தாள். பகடையைத் தொடப்போனவளைத் தடுத்து, ‘கை பொய்த்தது’ என்றேன். மழைக்குச் சொல்கிற சொல்தானே. மேசையில் கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம், கொன்றவனின் ஊரைத் தேடிப் போவதே ஆட்டமாக இருந்தது. ‘கழுவாய்’ யாருக்கும் அந்நியமாகப் படவில்லை.

சிக்கல் ‘வஞ்சினத்தில்’ வந்தது. ‘வஞ்சின வீரர்’ என்றதும் பையன் ஒருவன், ‘வஞ்சகன்னா ஏன் நம்ம பக்கம் நிக்கிறான்?’ என்று கேட்டுவிட்டான். தாளில் எழுதினால் சரி, வாயால் சொன்னால் வம்பு. ‘சூள்’ என்று வைத்தால் என்ன? சூளுரை எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘சூள் பொய்த்தவர்’ என்பது பாத்திரத் தாளின் சின்னக் கட்டத்திலும் அடங்கும். ‘அர்’ விகுதி இருப்பதால் வீரனா வீராங்கனையா என்ற கேள்வியும் எழாது.

—

அம்மா, சூள் என்றதும் முதலில் தயங்கினேன். அகப்பாட்டில் தலைவன் தலைவியிடம் செய்கிற சத்தியமாயிற்றே என்று. பிறகுதான் உறைத்தது: அங்கேயும் அதைத் தெய்வத்தைச் சாட்சி வைத்துத்தான் செய்கிறான். பொய்த்தால் அந்தத் தெய்வம் அவனை வருத்துமோ என்று தலைவி அஞ்சுகிறாள். பாலடினுக்கு அப்படியே பொருந்துகிறது. வஞ்சினத்தை விட்டுக்கொடுக்கிறேன். பட்டியலில் ‘சூள் வீரர்’, ‘சூள் பொய்த்தவர்’ என்று திருத்திவிட்டேன். ‘வழுவிய வீரர்’ அப்படியே இருக்கட்டும்.

அழைத்தால் வரும் அந்தக் குதிரைக்கு மட்டும் இன்னும் யாரும் பெயர் சொல்லவில்லை.