ஓவலுக்குப் பக்கத்தில் ஓர் அரண்மனை இருந்தது

லண்டன் ஓவலில் மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் முன்னதாகவே போய், மைதானத்துக்கு வடக்கே கென்னிங்டன் லேனைத் தாண்டி பிளாக் பிரின்ஸ் ரோடு வரைக்கும் நடந்து பாருங்கள். அந்த இரண்டு தெருக்களுக்கும் நடுவில்தான் கென்னிங்டன் அரண்மனை இருந்தது. பார்க்க ஒரு சுவர்கூட மிச்சமில்லை. ஆனாலும் லண்டன் டவரைவிட எனக்கு இந்த இடம்தான் மனதில் நிற்கிறது.

1337-ல் மன்னர் மூன்றாம் எட்வர்ட், அரச வாரிசான மூத்த மகனின் வருமானத்துக்கென்று கார்ன்வால் டச்சி என்ற நிலச்சொத்தை ஏற்படுத்தியபோது, இந்த நிலத்தையும் அவருக்கே எழுதிக் கொடுத்தார். பின்னாளில் ‘பிளாக் பிரின்ஸ்’ என்று பெயர் பெற்றவர் அந்த மகன்தான். பெரிய மண்டபத்தோடு அவர் கட்டிய மாளிகையில், அக்காலத்தின் தலைசிறந்த கட்டடக் கலைஞர் ஹென்றி யெவல் வேலை பார்த்திருக்கிறார். 1376-ல் இளவரசர் இறந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இளவரசரின் 10 வயது மகன் ரிச்சர்டை மகிழ்விக்க, லண்டன் நகரத்தார் 130 பேர் வேஷம் கட்டி, தீவட்டி வெளிச்சத்தில், வாத்தியங்கள் முழங்கக் குதிரையில் பாலம் கடந்து வந்தார்கள். அதில் போப் வேஷம்கூட இருந்தது. மண்டபத்துக்குள் வந்ததும் பேச்சே இல்லை; பகடையைக் காட்டி, விளையாட வரச்சொல்லிச் சைகை செய்தார்கள். எப்படி உருட்டினாலும் பையனே ஜெயிக்கிற மாதிரி செய்துவைத்த பகடை! தங்கக் கிண்ணம், கோப்பை, மோதிரம் மூன்றையும் அவன் ஜெயித்தான். அப்பாவை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளைக்காக ஒரு நகரமே இவ்வளவு யோசித்திருக்கிறதே என்று நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. அந்த ஜூனில் அவன் அரசனாகிவிட்டான்.

1531-ல் எட்டாம் ஹென்றி, வைட்ஹால் அரண்மனை வேலைக்குச் சாமான் வேண்டுமென்று இதை இடித்து அள்ளிக்கொண்டு போனார். அந்த வைட்ஹாலும் 1698-ல் எரிந்துபோனது. 1960-களில் இங்கே தோண்டியபோது மண்டபத்தின் அஸ்திவாரம் கிடைத்தது.

கோர்ட்னி தெருவில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் அரண்மனை எங்கே என்று விசாரித்தேன். “நீங்கள் நிற்கிற இடமே இளவரசருடைய மண்தான்” என்று சிரித்தார். அவருடைய அம்மா காலத்தில் வாடகை டச்சிக்குத்தான் போகுமாம். அந்தத் தெருவின் அழகான சின்னச் சின்னச் செங்கல் வீடுகள் 1913 வாக்கில் டச்சியே கட்டியவை.

சரி, அப்புறம் மைதானத்துக்குள் போங்கள். 1971-ல் நம் ஆட்கள் இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் வெற்றி பெற்ற அதே ஓவல். அந்த நிலமும் இன்றுவரை டச்சியுடையதுதான். இந்த மைதானத்தின் சொந்த அணியான சர்ரே வீரர்களின் சட்டையில் இறகுச் சின்னம் இருக்கும், கவனியுங்கள். அது வேல்ஸ் இளவரசரின் சின்னம்; டச்சிக்குச் சொந்தக்காரரான அதே மூத்த மகனுக்குத்தான் அந்தப் பட்டமும். அதை அணிய 1915-ல் அந்த அணிக்கு அனுமதி கிடைத்தது.