கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்தவனுக்கு கட்டி கரைக்கிற ஊசி போட்டிருக்காங்க, இது சரியா?

தம்பிக்காக
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயசு 38, சுகர் பிபி எதுவும் கிடையாது, சிகரெட்டும் இல்ல. நாலஞ்சு நாளா பின்கழுத்து ஒரு பக்கமா வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தான், தலகாணி சரியில்ல போலன்னு விட்டுட்டோம். போன வாரம் காலைல பல் தேய்ச்சிட்டு இருக்கும்போது திடீர்னு தலைசுத்தல், வாந்தி, பேச்சு குழறுது, இடது கை சொன்ன பேச்சு கேக்கல. ஒன்றரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி போயிட்டோம், சிடி எடுத்ததும் ஊசி போட்டுட்டாங்க. மறுநாள் எம்ஆர்ஐ பார்த்துட்டுதான் வெர்டிப்ரல் ஆர்ட்டரி டிசெக்‌ஷன், அதாவது கழுத்து ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அதுல இருந்து தூக்கமே இல்ல. குழாய் கிழிஞ்சிருக்கும்போது ரத்தக்கட்டிய கரைக்கிற மருந்து போட்டா இன்னும் கொட்டாதா? அவசரத்துல தப்பு பண்ணிட்டாங்களோ?

நைட்டூட்டி
அக்கா, எமர்ஜென்சில வேலை பார்க்கிறேன், உங்க தம்பி ஸ்கேன பார்க்காம பொதுவாதான் சொல்ல முடியும். கிழிசல்னு சொன்னதும் பைப் உடைஞ்சு ரத்தம் வெளிய பீச்சுற மாதிரி நினைச்சுக்கறோம், அது அப்படி இல்ல. குழாய்க்கு மூணு அடுக்கு சுவர், அதுல உள் அடுக்குல கீறல் விழுந்து ரத்தம் அடுக்குகளுக்கு நடுவுல பூந்துக்கும், மழைத்தண்ணி இறங்கின சுவத்துல பெயிண்ட் பொம்முன்னு உப்பிக்கிட்டு நிக்குமே அந்த மாதிரி. அந்த உப்பல் வழிய அடைக்குது, கீறல் விழுந்த இடத்துல கட்டி உருவாகுது, அதுல ஒரு துண்டு பிச்சிக்கிட்டு மூளைக்கு போனா ஸ்ட்ரோக். 50 வயசுக்குள்ள வர்ற ஸ்ட்ரோக்ல இது ஒரு முக்கிய காரணம். அடிபடணும்னு கூட அவசியமில்ல, பலமா இருமினாலோ கழுத்த வெடுக்குனு திருப்பினாலோ கூட சிலருக்கு ஆயிடும்.

ஊசி விஷயம். நீங்க பயப்படுற அதே பயம் டாக்டர்களுக்கும் இருந்தது, சுவருக்குள்ள நிக்கிற ரத்தம் இன்னும் பெருகிடுமோன்னு. ஆனா இப்படி ஊசி போட்ட நோயாளிகளோட பதிவுகள சேர்த்து பார்த்தப்போ, மத்த ஸ்ட்ரோக் நோயாளிகள விட இவங்களுக்கு ரத்தக்கசிவு அதிகமா தெரியல. இதுக்குன்னே தனியா குலுக்கல் முறைல பிரிச்சு பெரிய சோதனை யாரும் நடத்தல, அதையும் சொல்லிடணும். இருந்தும் மண்டையோட்டுக்கு வெளிய இருக்கிற கிழிசலா இருந்தா நாலரை மணி நேரத்துக்குள்ள போடலாம்னு அமெரிக்க வழிகாட்டியும் சொல்லுது, 2021ல வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் சொல்லுது. அதோட போடுற நேரத்துல நிறைய பேருக்கு கிழிசல் இருக்குன்னே தெரிஞ்சிருக்காது, சாதா சிடில மூளைக்குள்ள ரத்தக்கசிவு இல்லன்னு மட்டும் உறுதி பண்ணிட்டு போட்டுடுவாங்க. காத்திருந்தா மூளை செத்துக்கிட்டே இருக்கும்.

வெளிச்சம்
இப்படி ஒரேயடியா தைரியம் சொல்லாதீங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு இதே ஊசி போட்டு மூளைல ரத்தம் கசிஞ்சு ஐசியூல கிடந்தார். கையெழுத்து வாங்கும்போது எல்லாம் வேகமா ஓட்டிட்டு போயிடறாங்க, வீட்டாளுங்களுக்கு என்ன புரியும்?

நைட்டூட்டி
கோவம் நியாயம்தான், ஓட்டிட்டுதான் போறோம், ஓட்டலன்னா நேரம் போயிடும். கசிவு வர்றது உண்மை. இந்த மருந்த ஸ்ட்ரோக்குக்கு கொண்டு வந்த 1995 சோதனைலயே ஊசி போட்ட 100 பேர்ல 6 பேர் கிட்ட மூளைல கசிவு வந்தது, போடாதவங்கள்ல 1 பேர் கூட முழுசா இல்ல. அப்படி இருந்தும் மூணு மாசம் கழிச்சு பார்த்தா ஊசி போட்டவங்கதான் அதிகம் பேர் சொந்த கால்ல நின்னாங்க, சாவும் கூடல. அதனாலதான் போடுறோம்.

ரெண்டு இடத்துல மட்டும் நாங்களே தயங்குவோம். கிழிசல் மண்டையோட்டுக்குள்ள இருந்தா அங்க குழாய் சுவர் மெலிசு, மூளைய சுத்தி ரத்தம் கசிய வாய்ப்பு இருக்கு, அங்க ஊசி எவ்வளவு நல்லதுன்னு யாரும் அடிச்சு சொல்லல. இன்னொண்ணு நெஞ்சுல இருக்கிற மகாதமனியே கிழிஞ்சு அது கழுத்து வரைக்கும் ஏறியிருந்தா, அப்ப போடவே கூடாது. அக்கா, ரிப்போர்ட்ல எந்த பகுதின்னு இருக்கும், பாருங்க, வி1 வி2ன்னு போட்டிருப்பாங்க.

மெதுவா நடக்கிறவன்
எனக்கு போன வருஷம் கரோடிட்ல, அதாவது கழுத்து முன்பக்க ரத்தக்குழாய்ல இதேதான், வயசு 41. ஒரு கண் இமை மட்டும் தொங்கிச்சு, அந்த பக்க கண்ணு பாப்பா சின்னதா ஆயிடுச்சு, தூக்கம் பத்தலன்னு நானே கண்ணாடிய பார்த்து சிரிச்சேன். ரெண்டு நாள் கழிச்சு வலது கை போச்சு. ஊசி போட்டாங்க, முதல்ல கொஞ்சம் ஒரே தடவைல ஏத்திட்டு மீதிய ஒரு மணி நேரம் பம்புல ஓட விட்டாங்க. இப்ப டெனெக்டெப்ளேஸ்னு ஒண்ணு ஒரே குத்துல முடிஞ்சிடுதாமே. அதுக்கப்புறம் ஒரு நாள் முழுக்க பிபி பார்த்துக்கிட்டே இருந்தாங்க, மனுஷன தூங்க விடல. ஆஸ்பிரின் கூட 24 மணி நேரம் கழிச்சு இன்னொரு சிடி எடுத்து கசிவு இல்லன்னு பார்த்துட்டுதான் கொடுத்தாங்க. ஆறாவது மாசம் ஸ்கேன்ல குழாய் நல்லா திறந்திருக்குன்னாங்க. பேச்சு வந்துடுச்சு, சட்டை பட்டன் போடத்தான் இன்னும் நேரமாகுது.

தம்பிக்காக
ரொம்ப நன்றி. ரிப்போர்ட் எடுத்து பார்த்தேன், வி3ன்னு இருக்கு, மண்டையோட்டுக்கு கீழன்னு டூட்டி டாக்டரும் சொன்னார். மறுநாள் சிடில கசிவு இல்லயாம். இன்னிக்கு சுவர பிடிச்சிக்கிட்டு நாலு எட்டு வச்சான். இப்ப ஆஸ்பிரின்தான் ஓடுது, ரத்தம் உறையாம இருக்க வேற ஸ்ட்ராங்கான மாத்திரை கொடுக்கணுமான்னு கேக்கலாமா?

நைட்டூட்டி
தாராளமா கேளுங்க. 2015ல 250 பேர வச்சு ரெண்டையும் ஒப்பிட்டு பார்த்தாங்க, ரெண்டு பக்கமும் திரும்ப ஸ்ட்ரோக் வந்தது ரொம்ப கம்மி, பெரிய வித்தியாசம் பிடிபடல. அதுக்கப்புறம் வந்த இன்னொரு சோதனையும் ஆஸ்பிரினே போதும்னு நிரூபிக்க முடியாம போயிடுச்சு, அதனால ஆளுக்கு ஆள், ஸ்கேன பார்த்து முடிவு பண்ணுவாங்க. எத்தனை மாசம் சாப்பிடணும், மறு ஸ்கேன் எப்போன்னு எழுதி வாங்கிக்கோங்க. அப்புறம் அவர் கழுத்துல சொடக்கு எடுக்கிற பழக்கம் இருக்கிற ஆளா?

தம்பிக்காக
தினமும் எடுப்பான். சலூன்லயும்.

நைட்டூட்டி
அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க அக்கா. இனிமே யாரும் அவர் கழுத்த தொடவே வேணாம்.