3215031751: மில்லர்–ராபின் பகா எண் சோதனையில் 2, 3, 5, 7 நான்கிலும் தேறுகிறது, ஆனால் பகு எண். ஏன்?

பகாத்தேடி:
32 பிட்டுக்குள் அடங்கும் எண்களுக்கு 2, 3, 5, 7 ஆகிய அடிமானங்களை (சோதனையில் அடுக்குக்கு உயர்த்தும் எண்களை) வைத்து மில்லர்–ராபின் ஓட்டுகிறேன். 3215031751 கொடுத்தால் நான்குமே பகா எண் என்கின்றன. ஆனால் அது 151ஆல் மீதியின்றி வகுபடுகிறது. நிரலில் பிழையா, எண்ணிலேயே சிக்கலா? வேறு எந்த அடிமானங்களை வைப்பது?

வகுத்தி:
நிரல் சரிதான், எண்தான் வில்லங்கமானது. 2500 கோடிக்குள் இந்த நான்கையும் ஏமாற்றும் பகு எண் இது ஒன்றே.

காரணிகள் 151 × 751 × 28351. ஒவ்வொன்றிலும் 1ஐக் கழித்தால் 150, 750, 28350. இவை மூன்றும் 3215031750ஐ மீதியின்றி வகுக்கின்றன. ஆகவே இது கார்மைக்கேல் எண். இந்தக் காரணிகளால் வகுபடாத எந்த அடிமானத்தை எடுத்தாலும் ஃபெர்மா சோதனையில் (அடிமானத்தை 3215031750ஆம் அடுக்குக்கு உயர்த்தி மூல எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்பது) தப்பிவிடும்.

மில்லர்–ராபினும் ஏமாறக் காரணம் உண்டு. 3215031750ஐ 2ஆல் ஒரே முறைதான் வகுக்கலாம். வரும் 1607515875 ஒற்றைப்படை. எனவே திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தும் கட்டமே இல்லை. அடிமானத்தை 1607515875ஆம் அடுக்குக்கு உயர்த்தி மூல எண்ணால் வகுத்தால் மீதி +1 அல்லது −1 (அதாவது 3215031750) வருகிறதா என்பது மட்டுமே சோதனை. மேலே சொன்ன வகுத்தல்களின் ஈவுகள் 21433545, 4286709, 113405 மூன்றும் ஒற்றைப்படை என்பதால், ஒவ்வொரு காரணியிலும் விடை லெஜாண்டர் குறியாகவே வரும்: அடிமானம் அந்தக் காரணிக்கு இருபடி எச்சமானால் (ஏதோ ஒரு வர்க்க எண்ணை அதனால் வகுத்த மீதியானால்) +1, இல்லையேல் −1. மூன்று காரணிகளிலும் குறி ஒன்றாக இருந்தால் எண் தேறிவிடும்.

2க்கும் 5க்கும் மூன்றிலும் +1. 3க்கும் 7க்கும் மூன்றிலும் −1. 11க்கு 151இல் +1, மற்ற இரண்டிலும் −1. அங்கே மாட்டிக்கொள்கிறது.

மீபொவ:
மாட்டும்போது காரணியையும் கொடுத்துவிடும். 11^1607515875ஐ 3215031751ஆல் வகுத்த மீதியில் 1ஐக் கழித்து, மூல எண்ணுடன் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) எடுங்கள்: 151. கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 21291601, அதாவது 751 × 28351.

இந்த எண்ணை ஏமாற்றும் அடிமானங்கள் மொத்தம் 797343750. ஏறத்தாழ கால் பங்கு! எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணுக்கும் ராபின் தேற்றம் அனுமதிக்கும் உச்ச வரம்பே கால் பங்குதான். இது அதைக் கிட்டத்தட்ட தொட்டுவிடுகிறது.

எச்சம்:
32 பிட்டுக்கு 2, 7, 61 போதும். 4759123141க்குக் கீழே பிழையே வராது. சோதிக்கும் எண்ணே 2, 7 அல்லது 61 ஆக இருந்தால் மீதி 0 ஆகிவிடும், அதைத் தனியாகக் கவனியுங்கள். 64 பிட்டுக்கு 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்கள்.

பெருக்கலிலும் ஒரு குழி இருக்கிறது. இந்த எண்ணுக்கு இரண்டு மீதிகளின் பெருக்கற்பலன் 1.03 × 10^19 வரை போகும். குறியுள்ள 64 பிட்டின் எல்லை 9.22 × 10^18 என்பதால் வழிந்து தப்பான விடை வரும். குறியில்லாத வகையில் வையுங்கள். 64 பிட் எண்களுக்கு 128 பிட் பெருக்கலோ அதற்கு ஈடான வழியோ தேவை.

முதலில் சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். 2, 3, 5, 7ஐ ஏமாற்றும் அடுத்த எண் 118670087467. அதன் காரணிகள் 172243 × 688969.