தான்சானியாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் நைரேரேயைத் தெரிந்துகொண்டு வாருங்கள்

கேள்வி:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். தார் எஸ் ஸலாமில் 2 வருட வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறேன். பள்ளிக்கூடம், மளிகை பற்றிப் பழைய பதிவுகளில் நிறைய படித்துவிட்டேன். அந்த ஊர் மக்களோடு எப்படிப் பழகுவது, எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது, நம் ஆட்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

பதில், தார் எஸ் ஸலாமிலிருந்து:

தம்பி, வந்து இறங்கியதும் 1000 ஷில்லிங் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் முகம் நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சுவரில் இப்போதைய அதிபரின் படத்தோடு அவர் படமும் தொங்கும். பெயர் சொல்லாமல் ‘ம்வாலிமு’ என்பார்கள், வாத்தியார் என்று பொருள். உண்மையிலேயே பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்த நாட்டில் உங்களுக்கு விநோதமாகப் படப்போகிற விதிகளில் பாதிக்கு மேல் அவர் காலத்தில் வேர் விட்டவை. காரணம் புரிந்துவிட்டால் கோபம் வராது, காரியமும் நடக்கும்.

முதலில் மொழி. 120க்கு மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாடு. முதலில் ஜெர்மானியர், முதல் உலகப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் என்று இரண்டு பேரிடம் கைமாறி, 1961 டிசம்பர் 9இல் விடுதலை பெற்றது. அன்றைக்கு நாட்டில் 12 மருத்துவர்களும் 2 பொறியாளர்களும்தான் இருந்தார்கள் என்று நைரேரேயே பின்னாளில் சொல்லி வந்தார். இத்தனை குழுக்களை ஒரே நாடாக்க அவர் பிடித்துக்கொண்ட கயிறு சுவாஹிலி. ஆரம்பப் பள்ளி முழுக்க அந்த மொழியில் ஆனது. அரசு ஊழியர்கள் சொந்த வட்டாரம் தாண்டி வேலைக்கு அனுப்பப்பட்டார்கள், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வேறு மாகாணத்து விடுதிகளில் தங்கிப் படித்தார்கள். 1967க்குப் பிந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இனக்குழுவைக் கேட்பதே இல்லை.

அதனால் அலுவலகத்தில் யாரிடமும் ‘நீங்கள் எந்தக் குழு?’ என்று கேட்காதீர்கள். அவர்களுக்குள் கேலியாகப் பேசிக்கொள்வார்கள், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. புதிதாக வந்த நீங்கள் கேட்டால், நம் ஊரில் ஒருவர் வந்து ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்கும்போது எப்படி உறுத்துமோ அப்படி இருக்கும்.

வணக்கம் சொல்லாமல் காரியத்தில் இறங்குவதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தப்பு. காவலாளியோ வங்கி ஊழியரோ, முதலில் ‘ஹபாரி?’ என்று நலம் கேட்க வேண்டும், ‘ன்சூரி’ என்று பதில் வரும், அதன் பிறகுதான் விஷயம். வயதில் பெரியவர் என்றால் ‘ஷிக்கமோ’. அவர் ‘மரஹாபா’ என்று ஏற்றுக்கொள்வார். வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போகும்போது ‘போலே ந காசி’ என்றால் ‘பாவம், கஷ்டப்பட்டு உழைக்கிறீர்கள்’ என்று ஆதரவாகச் சொல்வது. அரை நிமிடம் ஆகாது. இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் காகிதத்தை நீட்டினால், அந்தக் காகிதம் மேஜையிலேயே கிடக்கும்.

நேரம் சொல்வதிலும் கவனம் வேண்டும். நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி, இங்கே மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். காலை 7 மணி ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி. ‘சா ன்னே’ என்றால் நான்கு மணி என்று எடுத்துக்கொண்டு மாலையில் போய் நிற்காதீர்கள், அது காலை 10. கடிகாரத்தில் சின்ன முள் நிற்கும் எண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படித்தால் கணக்குச் சரியாக வரும்.

அடுத்தது ‘ம்ஹிண்டி’ என்ற சொல். இந்தியர் என்று பொருள். சந்தையில் உங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், வசை என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் சம்பளம், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றிலும் மூன்று படிகள் இருந்தன: மேலே வெள்ளையர், நடுவில் ஆசியர் (பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர்), கீழே ஆப்பிரிக்கர். 1958 தேர்தலில் ஒவ்வொரு வாக்காளரும் ஒரு ஐரோப்பியர், ஒரு ஆசியர், ஒரு ஆப்பிரிக்கர் என மூன்று பேருக்கு வாக்களித்தாக வேண்டும் என்றுகூட விதி போட்டார்கள். கடைகள் பெரும்பாலும் குஜராத்தியர் கையில். விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன், குடியுரிமையை ஆப்பிரிக்கருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் சிலர் கேட்டார்கள். அது நிறைவேறினால் அரசே பதவி விலகும் என்று நைரேரே நின்றார். தோலின் நிறத்தை வைத்துக் குடிமகனைத் தீர்மானிக்க மாட்டோம் என்பது அவர் நிலை. அவருடைய நிதியமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்த அமீர் ஜமால் இந்திய வம்சாவளி. 1972இல் உகாண்டாவில் இடி அமீன் ஆசியரை விரட்டியபோது அதை வெளிப்படையாகக் கண்டித்தவரும் நைரேரேதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1971இல், 1 லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. சட்டத்தில் இனம் எதுவும் எழுதவில்லை, ஆனால் இழந்தவர்களில் பெரும்பாலோர் ஆசியர். பலர் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்விட்டார்கள். அந்தக் கட்டடங்களில் பல இன்று அரசு வீட்டுவசதிக் கழகத்திடம் இருக்கின்றன. நகர மையத்திலோ உப்பாங்காவிலோ பழைய அடுக்குமாடியில் வீடு பார்த்தால், ஒப்பந்தம் உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கழகத்தின் வாடகைதாரரே உங்களுக்கு மறுவாடகைக்கு விடுகிறார் என்றால் ஒதுங்கிவிடுங்கள். 6 மாதமோ 12 மாதமோ முன்பணம் கேட்பது இங்கே சகஜம். வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் அந்தப் பணம் திரும்பி வராது. 2025 மார்ச்சில் வந்த விதிப்படி உள்நாட்டுப் பரிவர்த்தனை ஷில்லிங்கில்தான் நடக்க வேண்டும். வாடகையை டாலரில் எழுதச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பதில், அரூஷாவிலிருந்து:

மேலே சொன்னதோடு நிலத்தையும் பர்மிட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் பணத்தைத் தொலைப்பது இந்த இரண்டில்தான்.

நைரேரேயின் கட்சி தன் சோஷலிசக் கொள்கையை அறிவித்து 1967 பிப்ரவரி 5இல் வெளியிட்ட அரூஷா பிரகடனத்தில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வரும். வளர்ச்சிக்குப் பணம் ஆயுதம் ஆகாது, வேண்டியவை நான்கு: மக்கள், நிலம், நல்ல அரசியல், நல்ல தலைமை. கடன் வாங்கியும் அந்நிய உதவியைக் கேட்டும் எழ நினைப்பது ஏமாற்றம், அதனால் சுதந்திரமே கைநழுவும் என்று அது எச்சரித்தது. நல்ல தலைமை என்றால் என்ன என்பதையும் மழுப்பாமல் எழுதினார்கள். கட்சி, அரசுத் தலைவர் எவரும் கம்பெனிப் பங்கு வைத்திருக்கக் கூடாது, தனியார் நிறுவனத்தில் இயக்குநராக இருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வாடகைக்கு வீடு விடக் கூடாது. மனைவிக்கும் இதே விதி. பென்ஸ் காரில் போகும் மேல்தட்டை ‘வாபென்சி’, அதாவது பென்ஸ் குலத்தார் என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1991இல் சான்சிபாரில் கட்சி கூடி இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இன்றும் ஒரு தலைவரைப் பாராட்டவும் திட்டவும் மக்கள் கையில் எடுக்கும் அளவுகோல் அதே 1967 பட்டியல்தான்.

நிலம் முழுவதும் பொதுச் சொத்து, அதிபர் அறங்காவலர். 1999 நிலச் சட்டமும் அதையே உறுதி செய்தது. குடிமகனுக்கே கிடைப்பது அனுபவ உரிமைதான், அதிகபட்சம் 99 ஆண்டு. வெளிநாட்டவர் அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டுக்காக மட்டுமே, அரசு முதலீட்டு அமைப்பு வழியாக நிலத்தைப் பயன்படுத்தலாம். ‘உள்ளூர் நண்பர் பெயரில் ஒரு பிளாட் வாங்கிப் போடலாம்’ என்று யாராவது ஆசை காட்டுவார்கள். நண்பர் நல்லவராகவே இருந்தாலும் அவர் காலத்துக்குப் பிறகு அவர் குடும்பத்திடம் காட்ட உங்களிடம் எந்தக் காகிதமும் இருக்காது.

வேலைக்கு இரண்டு தாள்கள் வேண்டும்: தொழிலாளர் துறை தரும் வேலை அனுமதி, அது கிடைத்த பின் குடிவரவுத் துறை தரும் பி வகைக் குடியிருப்பு அனுமதி. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் வேலையில் உட்கார்ந்தால் சோதனையின்போது சிக்குவீர்கள். 2015 சட்டப்படி உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் ஒரு வாரிசுத் திட்டம் கொடுக்க வேண்டும். உங்கள் வேலையை எந்தத் தான்சானியர் கற்றுக்கொள்ளப் போகிறார், எப்படி, எப்போது என்பது அதில் இருக்கும். அனுமதி 24 மாதம், புதுப்பித்தாலும் மொத்தக் காலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. புதுப்பிக்கும்போது அந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்வி வரும். காகிதத்தில் ஒரு பெயரைப் போட்டுவிட்டு எதுவும் சொல்லித்தராமல் இருப்பவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். முதல் மாதத்திலிருந்தே என்ன சொல்லித்தந்தீர்கள் என்று தேதியோடு எழுதி, அவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் போட்டு ஒரு கோப்பில் வையுங்கள்.

இங்கே ஒரு பழமொழி உண்டு: ‘ம்கேனி சிகு ம்பிலி, சிகு யா தாத்து ம்பே ஜெம்பே.’ விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. 1962இல் உஜமா, அதாவது குடும்பமாய் வாழ்தல் என்ற தன் கொள்கையை விளக்கும்போது நைரேரே இதைத்தான் எடுத்துச் சொன்னார். நம்மிடம் ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று இருக்கிறது, ஆனால் நம் பழமொழி விருந்தாளியைக் கிளம்பச் சொல்கிறது. அவர்களுடையது இருந்துகொள், சேர்ந்து வேலை செய் என்கிறது. வாரிசுத் திட்டத்தை இந்தக் கண்ணால் பாருங்கள்.

பகுதிநேரமாகச் சிறு தொழில் செய்யலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சில்லறைக் கடை, கைபேசி பழுதுபார்ப்பு, மொபைல் பணப் பரிமாற்றம், சலூன், சுற்றுலா வழிகாட்டி, விளைபொருளைத் தோட்டத்திலேயே போய் வாங்குதல் எனப் பல தொழில்களை வெளிநாட்டவர் செய்யக் கூடாது என்று 2025 ஜூலையில் அரசு ஆணை போட்டது. மீறினால் குறைந்தது 1 கோடி ஷில்லிங் அபராதம், சிறை, அனுமதி ரத்து.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி அண்ணே. இன்னொன்று. உஜமா தோற்றுப்போனது என்று படித்தேன். சக ஊழியர்களிடம் அதைப் பற்றிப் பேசலாமா?

பதில், அரூஷாவிலிருந்து:

பேசலாம், ஆனால் தீர்ப்புச் சொல்கிற தொனி வேண்டாம். அவர்கள் உங்களைவிடக் கடுமையாக அதை விமர்சிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

நடந்தது இது. ஆரம்பத்தில் விரும்பியவர்கள் சேர்ந்து கூட்டாகப் பயிர் செய்தார்கள். ருவூமாப் பகுதியில் விவசாயிகளே சங்கமாகக் கூடி நடத்திய கிராமங்கள் நன்றாக ஓடின. அந்தச் சங்கத்தைக் கட்சி 1969இல் கலைத்துவிட்டது, ஏனென்றால் அது கட்சிக்காரர்கள் சொன்னபடி கேட்கவில்லை. என் கணக்கில் உஜமா சரிந்தது அங்கேதான். 1973 நவம்பரில் எல்லோரும் கிராமத்துக்கு மாறியே தீர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் புதிய கிராமங்களில் இருந்தார்கள். லாரி போக வசதியாகச் சாலையோரம் இடம் குறித்தார்கள். மண்ணும் தண்ணீரும் எப்படி என்று பல இடங்களில் பார்க்கவில்லை. பழைய வயல் பல மைல் தள்ளிப் போனது, விதைக்கிற நேரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். 1973–74 வறட்சியும் கச்சா எண்ணெய் விலை ஏற்றமும் சேர்ந்தன. 1976இல் கூட்டுறவு ஒன்றியங்களைக் கலைத்து, கொள்முதலை அரசு அமைப்புகளிடம் கொடுத்தார்கள், விவசாயிக்குப் பணம் தாமதமாக வந்தது. 1978–79 உகாண்டாப் போர் மிச்சத்தைக் கரைத்தது. 1985இல் நைரேரே தானாகப் பதவி விலகினார். அடுத்த ஆண்டே சர்வதேச நிதியத்தோடு ஒப்பந்தம்.

ஒரே கட்சி ஆட்சியையும், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் 1962 சட்டத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் 1967இல் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு எழுதப் படிக்கத் தெரியாத நாடு, 1980களின் நடுவில் அரசுக் கணக்குப்படி அந்த நிலையைத் தலைகீழாக்கியிருந்தது. கைத்தொழிலும் தொழிற்சாலையும் அந்த வேகத்தில் வளரவில்லை என்பது இன்றுவரை தொடரும் வலி.

அவர் காலத்து அமைப்பு ஒன்று உங்களுக்கு முதல் வாரமே வேண்டியிருக்கும். பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் என்ற ‘ன்யும்பா குமி’ முறையைக் கட்சி 1960களில் கொண்டுவந்தது. அதன் இன்றைய வடிவம் மாதிரி ஒவ்வொரு வட்டாரத்திலும் ‘செரிகாலி யா ம்தா’ என்ற சிறு அலுவலகம் இருக்கும். குடிபோன வாரத்திலேயே கடவுச்சீட்டு நகலும் வாடகை ஒப்பந்தமும் எடுத்துக்கொண்டு போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். வங்கியோ வேறு அலுவலகமோ முகவரிக்கு அத்தாட்சி கேட்டால் அவர்கள் தரும் அறிமுகக் கடிதம்தான் கைகொடுக்கும்.

இப்போதைய அரசியலை மட்டும் தொடாதீர்கள். 2025 அக்டோபர் 29 தேர்தல் நாளில் போராட்டம் வெடித்து, இணையம் துண்டிக்கப்பட்டு, தார் எஸ் ஸலாமில் ஊரடங்கு போட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் வீடியோ எடுப்பதும் பகிர்வதும் அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு ஆபத்து. தேர்தல் சமயத்தில் ஒரு வாரத்துக்கான அரிசி, தண்ணீர், கையில் ரொக்கம் வைத்திருங்கள், மொபைல் பணம் வேலை செய்யாமல் போகலாம்.

பதில், சான்சிபாரிலிருந்து:

சென்னை ஐஐடியின் வளாகம் 2023இல் இங்கே தொடங்கிய பிறகு தமிழர்கள் அதிகம் வருகிறார்கள், அவர்களுக்காக ஒரு திருத்தம். மேலே எழுதியது பெரும்பாலும் பெருநிலத்துக்குப் பொருந்தும். சான்சிபார் தனியாக 1963 டிசம்பரில் விடுதலை பெற்று, 1964 ஜனவரி 12 புரட்சிக்குப் பிறகு ஏப்ரல் 26இல் பெருநிலமான தாங்கான்யிகாவோடு சேர்ந்தது, அப்படி உருவானதுதான் தான்சானியா. தனி அதிபர், தனிச் சட்டமன்றம், தனி நிலச் சட்டம். இங்கே சுவரில் அபேய்த் கருமேயின் படமும் இருக்கும், 1972இல் சுட்டுக் கொல்லப்பட்ட முதல் அதிபர் அவர். புரட்சியில் அரபுக் குடும்பங்களும் இந்தியக் குடும்பங்களும் நிறைய உயிர்களை இழந்தன. இன்றும் ஒரே தெருவில் ஒருவர் வீட்டுக்கு அது விடுதலை நாள், அடுத்த வீட்டுக்குத் துக்க நாள். ஜனவரி 12 விடுமுறையில் வாழ்த்துச் சொல்லும் முன் எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்த இந்த ஒன்றியத்தைப் பற்றியும் நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம்.

தார் எஸ் ஸலாமிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். இறங்கும் துறையில் வாங்கிப் பார்ப்பார்கள்.