முட்டுக்காடு வரை சைக்கிள் ஓட்டுகிறேன். வேகம் குறைந்துகொண்டே வருகிறது, வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 43 வயதில் கியர் சைக்கிள் வாங்கி, ஐந்து மாதங்களாகத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக முட்டுக்காடு பாலம் வரை சென்று திரும்புகிறேன். தொடக்கத்தில் வழியிலுள்ள அக்கரை என்ற ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கிய எனக்கு, மூன்றாம் மாதத்தில் சராசரி வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரைத் தொட்டபோது உண்டான பெருமிதம் (வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள்) நெடுநாள் நீடிக்கவில்லை. இப்போது 19-ஐத் தாண்ட முடியவில்லை. தெற்கிலிருந்து காற்று முகத்தில் அறையும்போதும் கியரைக் குறைக்காமல் வீம்பாக மிதிப்பதாலோ என்னவோ, வலது முழங்காலின் முன்புறம் வலிக்கிறது, திரும்பும் வழியில் சுண்டுவிரல்கள் மரத்துப்போகின்றன. சீட்டை ஒரு விரற்கடை உயர்த்தியதில் வலி சற்றே தணிந்தது. வாரத்தில் ஆறு நாள் ஓட்டுவது அதிகமா, கைப்பிடியையும் உயர்த்த வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அடுத்த மாதம் மாமல்லபுரம் வரை வருவதாக நண்பரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.