டட்சன் 240இசட்: பின் சக்கர பேரிங் மாற்றியபிறகு இடது பக்கம் பிடித்துக்கொள்கிறது, உதவி வேண்டும்

ஜெலுத்தோங்_71
வணக்கம். காடி 1971 டட்சன் 240இசட், அப்பா ஓட்டியது. மூன்று மாதமாகப் பின்னாலிருந்து ஒரு முனகல். பினாங்குப் பாலத்தில் எண்பதைத் தொட்டால் ஆரம்பிக்கும், வேகத்தோடு ஏறும், வலப்பக்கம் வளைத்தால் இன்னும் கூடும். இடது பேரிங்தான் என்று ஒரு பட்டறையில் விட்டேன், இரண்டு பக்கமும் மாற்றினார்கள். முனகல் நின்றது. ஆனால் 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால் இடது டிரம்மில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. திரும்பப் போய்க் கேட்டால், "புது பேரிங் அப்படித்தான், ஓட ஓடப் பழகிடும்" என்கிறார்கள். பழகுமா?

பாகான்_தம்பி
முதலில் பிரேக்கைப் பாருங்கண்ணே. ஹேண்ட்பிரேக் கேபிள் விடாமல் இருந்தாலும் டிரம் கொதிக்கும். டிரம்மைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள்.

ஜெலுத்தோங்_71
கழற்றியாச்சு தம்பி, அப்படியும் இறுக்கம். வலது பக்கம் லேசாகச் சுற்றுகிறது.

செந்தூல்_கிழவன்
டிரம் மட்டும் போதாது. சக்கரத்துக்கும் டிஃபரென்ஷியலுக்கும் நடுவில் ஓடும் தண்டு, அந்த ஹாஃப் ஷாஃப்டில் நாலு போல்ட்டைக் கழற்றித் தொங்கவிட்டுச் சுற்றுங்க, இல்லாவிட்டால் டிஃபரென்ஷியலையும் சேர்த்துச் சுற்றுகிறீர்கள். அப்புறம் சக்கர நடுவில் ஷாஃப்ட் முனையில் இருக்கும் அந்தப் பெரிய நட்டை லூசாக்கிப் பாருங்க. நட்டின் உதட்டைத் தட்டி ஷாஃப்ட் பள்ளத்துக்குள் நசுக்கியிருப்பார்கள், அதை உளியால் நிமிர்த்தாமல் திருகினால் மரை போய்விடும். ஷாஃப்ட் மரை போனால் அழவேண்டியதுதான்.

பழகுமான்னு கேட்டீங்களே, பேரிங் பழகாது. சாகும்.

ஜெலுத்தோங்_71
நட்டை லூசாக்கினால் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது! இறுக்கினால் பழையபடி. அப்போ கொஞ்சம் குறைவாக இறுக்கி விட்டுவிடலாமா?

செந்தூல்_கிழவன்
வேண்டாம், வேண்டவே வேண்டாம். முன் சக்கரத்தில் டேப்பர் ரோலர், அதாவது கூம்பு உருளை பேரிங், அங்கேதான் இறுக்கி, கொஞ்சம் பின்னால் விட்டு, கை அளவில் சரிபார்ப்பது. பின்னால் அந்தக் கணக்கே கிடையாது. இந்த நட்டுக்கு 181 முதல் 239 அடி பவுண்டு. குறைத்தால் உள் வளையம் ஷாஃப்ட்டில் வழுக்கி ஷாஃப்டையே தின்றுவிடும். சக்கர ஸ்டட்டுகளுக்குக் குறுக்கே ஒரு நீளமான இரும்புப் பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டால்தான் அந்த இறுக்கமே வரும். காற்றுத் துப்பாக்கியில் 'டர்ர்' என்று அடித்துவிட்டு ஆச்சு என்றால் அதில் அளவு ஏது?

லேத்கடை_மகள்
ஒரு கேள்வி அண்ணே. வலது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா?

ஜெலுத்தோங்_71
இருக்கிறதும்மா, மிக லேசாக. இடதுதான் பிரச்சினை என்பதால் அதை விட்டுவிட்டேன்.

லேத்கடை_மகள்
அப்போ ஸ்பேசர் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு இருக்கும், அதுதான். வெளி வளையங்கள் ஹவுசிங்கில், அதாவது பேரிங் உட்காரும் கூட்டில், உள்ள படிகளில் உட்காரும். உள் வளையங்களை நட்டு இழுத்து ஸ்பேசரோடு சேர்த்து நெரிக்கும். ஸ்பேசர் முடி அளவு குட்டையாக இருந்தாலும் உள் வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துவிடும், குண்டுகள் பக்கவாட்டில் அழுந்தும், சூடு ஏறும். அதே நீளமாக இருந்தால் ஆட்டம். உங்களுக்கு ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது.

கம்பெனியிலேயே ஹவுசிங்கை அளந்து ஏ, பி, சி என்று எழுத்து அடித்திருப்பார்கள், ஸ்பேசரிலும் அதே எழுத்து இருக்கும். கிரீஸைத் துடைத்துப் பாருங்கள். எங்கள் அப்பா இரண்டு பக்கச் சாமானையும் ஒரே தட்டில் போடவே விடமாட்டார், நான் சின்ன வயதில் அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கழற்றும்போது ஸ்லைடு ஹேமர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஷாஃப்டோடு வெளி பேரிங்கும் வந்துவிடும். புதியதை ஏற்றும்போது ஹவுசிங்குக்குள் தட்டினால் வெளி வளையத்தில் மட்டும், ஷாஃப்டில் ஏற்றினால் உள் வளையத்தில் மட்டும். மாற்றித் தட்டினால் அடி குண்டுகள் வழியாகத்தான் போகும். வெளி பேரிங்கின் மூடிய பக்கம் சக்கரத்தைப் பார்க்கவேண்டும். சூடு கண்ட இடது பேரிங்குகளை மறுபடி போடாதீர்கள், நட்டும் புதிது.

பாகான்_தம்பி
1971லும் 1973லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ரேலியை ஜெயித்த காடி, இங்கே ஒரு குழாய்த் துண்டால் படுத்துக் கிடக்குது பாருங்க.

ஜெலுத்தோங்_71
ரெண்டு வாரம் ஆச்சு, மன்னிக்கவும். அக்கா, நீங்கள் சொன்னதேதான்! இடது ஸ்பேசர் வலதில், வலது இடதில். எழுத்துக்கு எழுத்து சேர்த்துப் போட்டு, டார்க் ரெஞ்சு வைத்து 200க்கு இறுக்கினேன், ஒரே விரலில் சுற்றியது. நேற்று பாலிக் பூலாவ் மலைப்பாதையில் போய்வந்தேன், டிரம் வெதுவெதுப்பு, சத்தம் ஒன்றும் இல்லை. இரண்டாவது பேரிங் செட் என் காசுதான். பட்டறையில் பில்லைக் காட்டினேன், உட்காரவைத்து ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக் கொடுத்தார்கள்.