மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதுமா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் எஞ்சின். போர் (சிலிண்டர் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72 மி.மீ. இதுவரை ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை, பாவம்.

இப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப்புகை. சூடானதும் புகை இல்லை. ஐடிலில் மட்டும் கியர் லிவர் உதறுகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தேன்: 165, 160, மூன்றாவதில் 120 பிஎஸ்ஐ. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் முள் 125ஐத் தாண்டவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால், ஆயில் அந்த இடைவெளியை அடைத்து முள் நன்றாக ஏறியிருக்குமே? வால்வு மேல்தான் எனக்குச் சந்தேகம். மெக்கானிக்கோ முழு எஞ்சினையும் பிரிக்கச் சொல்கிறார்.

வால்வு லேப்பிங் (வால்வைத் தேய்த்து இறுக்கமாக உட்கார வைப்பது), வால்வு சீல் (ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மாற்றுவது, இரண்டும் செய்தால் போதுமா? அதற்கு முன் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பார்க்கவா? அப்புறம், இதில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்குமா? பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.